சாவிக்கு ஏற்ப மாற்றிய பூட்டு

தம்பி,

தலை நரைத்தவனை இன்னும் தம்பி என்று கூப்பிடுகிறேனே என்று உன் பிள்ளைகள் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு வேலை மாறிப் போகிறாய், புது இடத்தில் பிள்ளைகள் பழகுகிறவரை அம்மாவை ஒரு வருஷம் அனுப்பி வையுங்கள் என்பது ஒன்று. அதற்கு நான் அந்த நிமிஷமே சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, இப்போது ஆபீஸில் என்ன வேலைடா பார்க்கிறாய் என்று கேட்டேன். நீயும் கிழவனுக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னாய். அந்த இரண்டாவது விஷயம்தான் என்னை உட்காரவிடவில்லை. அதை யோசிக்க யோசிக்க, முதல் விஷயத்துக்குச் சொன்ன சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்பாய். போனில் சொன்னால் நடுவிலேயே சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா, பார். கணிப்பொறியின் நினைவகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சிப்பே ஒரு அடையாள எண் போட்டு வைக்கிறது. அந்தத் துண்டைத் தேடி வருகிற முகவரியும் அதே எண்ணைக் கையில் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ தனக்கு உரிமையில்லாத இடத்தில் கை வைக்கிறார்கள் என்று சிப் பிடித்துவிடும். சாதாரண நிரல் ஒன்று மாட்டினால் அதை மட்டும் முடித்துவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். ஆனால் எல்லாரையும் மேய்க்கிற கெர்னலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? மிஷினை நிறுத்தினால் எல்லார் வேலையும் போச்சு. மாட்டிய கட்டளையை மறுபடி ஓட்டினால் மறுபடி அங்கேயே மாட்டும், விடியவே விடியாது. அதனால் ஒரு தடவை புகார் எழுதி வைத்துவிட்டு, சோதனையை அணைத்துவிட்டு, கெர்னலை அதன் போக்கில் ஓட விடுகிறோம் என்றாய். அதற்கப்புறம் என்று கேட்டேன். நீ சிரித்தாய். அதுக்கப்புறம் சத்தமே இருக்காதுப்பா, நல்லா ஓடும் என்றாய்.

இதெல்லாம் புதுசு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் அப்பன் எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் இதே இழவோடுதான் மாரடித்தான். சேலத்தில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, காரிமங்கலத்துப் பக்கத்துக் காட்டுப்பய ஒருத்தன் குளிர்பதன அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறான் என்று ஊரே பெருமைப்பட்ட காலம் அது. எங்கள் நிலையத்தில் இருந்தது வெளிநாட்டுக்காரன் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற பழைய மிஷின். அதன் நினைவகம் அறை அறையாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு எண், உள்ளே ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாவி எண். வேலை எந்த அறைக்குள் எழுதப் போனாலும் மிஷின் இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்க்கும். நீ கெர்னல் என்கிறதை நாங்கள் சூப்பர்வைசர் என்போம். அது ஒரு வேலைக்காக எதையாவது எடுத்துக் கொடுக்கும்போது அந்த வேலையின் சாவியைத்தான் கையில் வைத்துக்கொண்டு நடக்கும். அப்போது எண் மாறியிருந்தால் மொத்த மிஷினும் நின்றுவிடும்.

எங்கள் மிஷினுக்கு ஒரு வியாதி இருந்தது. பூட்டு எண்களை வைத்திருக்கும் பகுதி பழுதாகி, அவ்வப்போது எண்களை மறந்துவிடும். சாவி சரியாக இருக்கும், பூட்டுத்தான் உளறும். மாற்றுப் பாகம் கப்பலில் வர வேண்டும், அதற்கு டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும், அதெல்லாம் ஆகிற காரியமா? எண்ணை மறுபடி போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து ஓட்டும்படி ஒரு நிரலை எழுத முடியுமா என்று தலைமை அதிகாரி கேட்டார். எழுதினேன். சூப்பர்வைசர் மாட்டினால், பூட்டு எண்ணைச் சாவிக்கு ஒத்தபடி மாற்றிவிட்டு, அதே கட்டளையை மறுபடி ஓட்டும். கன்சோல் டைப்ரைட்டரில் இன்ன அறையின் பூட்டு திருத்தப்பட்டது என்று ஒரு வரி அடிக்கும். உண்மையில் எந்த அறை யாருக்குச் சொந்தம் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்து, அதைப் பார்த்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எப்போது பார்த்தாலும் பூட்டுத்தானே தப்பு! நின்று நின்று போன மிஷின் நிற்காமல் ஓட ஆரம்பித்ததும் எனக்கு மரியாதையே வேறாகிவிட்டது. டைப்ரைட்டர் அடிக்கிற வரிகளை முதலில் ஆசையாகப் படித்தோம். பிறகு யாரும் படிப்பதில்லை.

அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண்களைக் கூட்டி முடிவு போடுகிற வேலை எங்களிடம் வந்தது. ஊருக்குப் போனபோது மாதா கோயில் வாசலில் உன் தாத்தா, அதாவது உன் அம்மாவின் அப்பா, என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, ஒரே கோயில், தூரத்துச் சொந்தம். அவர் வூட்டில் பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற முதல் ஆள் உன் அம்மாதான். தங்கச்சி தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாமதமாகத்தான் பள்ளியில் சேர்த்தார்கள், அதனால் பரீட்சை எழுதும்போது பதினெட்டு முடிந்திருந்தது. பாஸ் பண்ணினால் சேலத்தில் கன்னியர் நடத்துகிற விடுதியில் விட்டுக் காலேஜில் படிக்க வைப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெயிலானால் கல்யாணம். ஒளிவு மறைவெல்லாம் கிடையாது, இரண்டு பேருக்கும் நடுவில் பேசி முடித்த ஒப்பந்தம். உன் அம்மா அதற்குச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாளாம். பெயிலாகிறவளாக இருந்தால்தானே!

முடிவு பத்திரிகையில் வந்தது. பாஸானவர்களின் எண்கள் மட்டும்தான் போடுவார்கள், இல்லாத எண் பெயில். அவள் எண் இல்லை. அவளுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து எழுதிய இரண்டு மூன்று பெண்களின் எண்களும் இல்லை. அவர்கள் எப்படியும் பாஸாக மாட்டார்கள் என்று வூட்டிலேயே நினைத்திருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வேலையாக மெட்ராஸ் வந்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. ஏனென்றால், அந்த வேலை ஓடிய அன்று டைப்ரைட்டரில் ஒரே அறைக்கு அடுத்தடுத்து இரண்டு வரி அடித்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பூட்டு ஒரு எண்ணுக்கு மாறி, உடனே பழைய எண்ணுக்குத் திரும்பியிருந்தது. மறதிப் பூட்டு அப்படி மறக்காது. விசித்திரமாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நடந்தது இதுதான். வேறொரு அலுவலகத்தின் சரக்குக் கணக்கு வேலை ஒன்று பாதியில் ரத்தாகியிருந்தது. அதன் அறையை மிஷின் மதிப்பெண் வேலைக்குக் கொடுத்துவிட்டது, பூட்டு எண்ணும் மாறிவிட்டது. ஆனால் ரத்தான வேலைக்காக டேப்பிலிருந்து வர வேண்டிய தகவல் தாமதமாக வந்து சேர, அதைப் பழைய சாவியோடு சூப்பர்வைசர் அந்த அறையில் கொண்டுபோய்ப் போடப் பார்த்தது. பூட்டு மறித்தது. சரியாகத்தான் மறித்தது, தம்பி. அன்றைக்கு அந்த மிஷினில் உண்மை பேசியது அது ஒன்றுதான். என் நிரல் அதை வழக்கமான மறதி என்று எடுத்துக்கொண்டு, தப்பான சாவிக்கு ஏற்பச் சரியான பூட்டை மாற்றிவிட்டது. அரிசி மூட்டைக் கணக்கு அந்தப் பெண்களின் மதிப்பெண்கள் மேல் போய் விழுந்தது. பிறகு மதிப்பெண் வேலை தன் அறைக்கே வந்தபோது பூட்டு அதையும் மறிக்க, அதையும் மறதி என்று மாற்றியது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, உள்ளே இருந்த எண்களைத் தவிர. பூட்டைக் குறை சொல்லியே பழகியவர்கள் செய்கிற தப்பு அது. புது மிஷின் வைத்திருந்தவன் அதைச் செய்திருக்க மாட்டான்.

தலைமை அதிகாரியிடம் போனேன். பள்ளிக்கூடம் முறைப்படி எழுதிக் கேட்கட்டும், பார்க்கலாம் என்றார். நண்பன் ஒருவனைக் கெஞ்சி, மிஷின் சும்மா இருந்த நேரத்தில் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். உன் அம்மா பாஸ். தட்டுத்தடுமாறி இல்லை, தூக்கலாகப் பாஸ். கூட இருந்தவர்களில் இன்னொருத்தியும் பாஸ். அன்றே பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் இறங்கி மாறி, காரிமங்கலத்தில் இறங்கி நடந்து, ஞாயிறு காலைப் பூசை நடக்கும்போது கையில் பையோடு நேராகக் கோயிலுக்குள் போனேன். பூசை முடிந்ததும் உன் தாத்தாவை ஓரமாக அழைத்துச் சொல்லிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசிப்பார்களே, அதுதான். உனக்கும் வாசித்தார்கள். அன்றைக்கு வாசித்தது உன் அம்மாவின் பெயர். கம்பைநல்லூர் மண்டியில் வேலை செய்கிற ஒரு பையனுக்கு. மூன்றாம் ஓலை. வருகிற வாரம் கல்யாணம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தடை தெரிந்தவர்கள் பூசை முடிந்த பிறகு சாமியாரைத் தனியாகப் பார்த்துச் சொல்வதுதான் முறை. எங்கள் ஊரில் அதுவரை ஒருவரும் அப்படிக் கூடச் சொன்னதில்லை. நடுக்கோயிலில் ஒரு வாலிபன் எழுந்து நின்றதும் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் தலைகள் திரும்பின. சாமியார் என்னப்பா தடை என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாமி, அவங்க பாஸுங்க. மிஷின் தப்பாப் போட்டுடுச்சு."

இதைவிடக் கோமாளித்தனமாக ஒருவன் பேச முடியாது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பெண்ணின் ஓலைக்கு மெட்ராஸிலிருந்து ஒருத்தன் ஓடிவந்து தடை சொல்கிறான். ஏன் சொல்கிறான் என்பதை ஊர் தானாக நிரப்பிக்கொண்டது. மாப்பிள்ளையின் மாமா அன்று பூசைக்கு வந்திருந்தார். நற்கருணைக்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டார். உன் அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அதையும் ஊர் பார்த்தது.

மிஷின், பூட்டு, சாவி என்று உன் தாத்தாவிடம் எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். எம்பொண்ணு பாஸுன்னே வெச்சுக்குவோம். இனி யாரு அவள விடுதியில சேப்பாங்க? ஊர்ல என்னா பேசறாங்கன்னு காதுல வுழலீங்களா?" என்றார். கம்பைநல்லூரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், சம்பந்தம் வேண்டாம் என்று. அந்தப் பையன் நல்லவன், பிற்பாடு பேளுக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தான். என் அப்பா, உன் அம்மாவின் அப்பா, சாமியார் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். எழுந்து நின்றவனே கட்டிக்கொள்ளட்டும் என்று முடிவானது. என்னிடம் கேட்டார்கள், சரி என்றேன். மனசுக்குள் சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்வானேன்? எனக்குத் தண்டனையே கிடைக்கவில்லை, தம்பி. தப்பு செய்தவனுக்குப் பெண் கிடைத்தது. அவளுக்குப் போனது காலேஜ்.

நீ இந்தக் கதையை வேறு மாதிரிக் கேட்டு வளர்ந்தாய். ஒவ்வொரு கல்யாணத்திலும் உன் அம்மாவே சொல்வாள், "மிஷினப் பத்திச் சொல்ல எழுந்தாரு, பொண்டாட்டியோட உக்காந்தாரு" என்று. எல்லாரும் சிரிப்போம். நானும்தான். உன் கல்யாணத்தில் நீ மைக்கைப் பிடித்து, அப்பா அந்தக் காலத்திலேயே காதலுக்காகக் கோயிலில் எழுந்து நின்றவர் என்று பேசினாய். நான் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்ததாக நினைத்துக் கை தட்டினார்கள். காதலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அதுவரை அவளோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. கல்யாணப் பூசையில் சாமியார் முறைப்படி அவளிடம் முழுச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த ஒரு சொல் கிடைத்ததும் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி ஆகிவிட்டது. அதற்கு முன்னால் பேசி முடித்த அந்த மூன்று பேரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. நான்காவதாக நான் இருந்தேன், நானும் கேட்கவில்லை.

மிஷின் தப்பைத் திருத்த நான் பட்ட பாட்டைக் கேட்டால் நீ மெச்சுவாய். பள்ளித் தலைமைக் கன்னியரைப் பார்த்து முறைப்படி எழுதிக் கேட்க வைத்தேன். என் நிரலைப் பிரித்துப் போட்டு, எந்த அறை யாருக்குச் சொந்தம் என்று பட்டியல் வைத்து, பூட்டு பட்டியலோடு ஒத்திருந்தால் சாவியைச் சந்தேகப்பட வைத்தேன். அப்படி வரும்போது அந்தத் தாமதமாக வந்த தகவலை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, அதைக் கேட்ட வேலையையும் முடித்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் ஓட்டும். பூட்டை மாற்றுவதே கிடையாது. எதிர்காலத்தில் எவனும் சோம்பேறித்தனமாக மாற்றிவிடக் கூடாது என்று அதற்கான வழியையே எடுத்துவிட்டேன். தலைமை அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த வருஷம் கோடைக்குள் உன் அம்மாவுக்கும் இன்னொருத்திக்கும் திருத்திய மதிப்பெண் சான்றிதழ் வந்துவிட்டது. மிஷின் செய்த தப்பு அத்தோடு தீர்ந்தது.

அப்போது நாங்கள் மெட்ராஸில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். சான்றிதழ் வந்த சில நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அம்மா கேட்டாள். "இங்க பக்கத்துலயே பொம்பளைங்க காலேஜ்ல பி.யு.சி.க்கு அப்ளிகேஷன் குடுக்கறாங்களாங்க. நானும் சேரட்டுங்களா?" எனக்கு அவள் குரல் இப்போதும் கேட்கிறது. கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. கடைக்குப் போய்வரட்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். வாடகை ஏறியிருந்தது, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். சரிங்க என்றாள். ரசம் ஊற்றினாள். அடுத்த ஜூனில் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்கடுத்த வருஷமும் கேட்கவில்லை. பிறகு நீ பிறந்தாய், தர்மபுரிக்கு வந்தோம், வீடு கட்டினோம். எங்கே குடியிருப்பது, உன்னை எந்தப் பள்ளியில் போடுவது, அரூர்ப் பக்கத்து நிலத்தை விற்பதா வேண்டாமா, எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம்ங்க என்பாள். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று சொந்தக்காரர்கள் கண் போடுவார்கள். நானும் அதை என் சாமர்த்தியம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ போனில் சொன்னாயே, ஒரு தடவை புகார் எழுதிவிட்டு, சோதனையை அணைத்துவிட்டால், அதற்கப்புறம் சத்தமே இருக்காது என்று. நான் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிஷினில் செய்யக்கூடாது என்று நான் எடுத்துப் போட்டதை வீட்டில் செய்து வைத்திருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது, தம்பி. எண்பதை நெருங்குகிறவனுக்கு இப்போது வெட்கம் வந்து என்ன பிரயோஜனம்?

உன் வேலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மிஷினை நிறுத்தாதே என்பது எனக்கும் புரிகிறது, நிறுத்தினால் எத்தனை பேர் வேலை கெடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அணைத்துவிட்டு ஓட்டுகிற மிஷினை நல்ல மிஷின் என்று நம்பாதே. அது அடித்த அந்த ஒற்றை வரி யாராவது ஒருத்தன் கண்ணில் பட்டே ஆக வேண்டும், பட்டவன் டீ குடிக்கப் போகக்கூடாது. ஓடியது போதும் என்று நல்ல நேரம் பார்த்து நீங்களாகவே நிறுத்தி, சோதனையை மறுபடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும். தள்ளிப் போட்டால் அணைத்ததே மறந்துவிடும். உன் மேலதிகாரிகள் சிரித்தால் சிரிக்கட்டும், இதை மட்டும் அவர்களிடம் சண்டை போட்டு வாங்கு.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை அனுப்புங்கள் என்று நீ என்னிடம் கேட்டாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வீட்டில் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நான்தான் உனக்குப் பழக்கி வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னவோ போல் இருந்தது, பெண் பார்க்கப் போனவன் மாதிரி. முதலில் பழசைச் சொன்னேன். அன்றைக்குக் கோயிலில் எழுந்திருக்காமல், முதலில் அவளிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நானே எழுந்திருப்பேங்க. பொண்ணே வேணாம்னா சாமியாரு அதுக்கு மேல ஓலை வாசிக்க முடியாது. எங்கப்பா ரெண்டு நாளு கத்தியிருப்பாரு, அப்புறம் சேலத்துக்குக் கூட்டிக்கினு போயிருப்பாரு."

அவ்வளவு தெளிவாகச் சொன்னாள், தம்பி. இத்தனை வருஷமாக அந்தக் கணக்கை அவள் போட்டு வைத்திருக்கிறாள். ஒரு இடத்திலும் தப்பில்லை. பிறகு நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். நான் சரி என்று சொன்னது செல்லாது, உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், வெளிநாட்டுக்குப் போக உனக்கு இஷ்டமா இல்லையா என்று கேட்டேன். உங்க இஷ்டம்ங்க என்றாள், நான் எதிர்பார்த்தபடியே. என் இஷ்டம் வேண்டாம், உன் இஷ்டம் என்ன என்றேன். பையன் கஷ்டப்படுவானே என்றாள். அது அவனுக்கு வேண்டியது, உனக்கு என்ன வேண்டும் என்றேன். அவள் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போல. விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. யோசித்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன், அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வாசலில் தயிர்க்காரி வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள், நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உன் அம்மா, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியலீங்களே."

அதனால் டிக்கெட் எடுக்காதே. அவளை அவசரப்படுத்தவும் செய்யாதே, என்னிடம் பதில் கேட்டும் போன் பண்ணாதே. அவளிடம் பேசு, சும்மா பேசு, அடுத்த வாரமும் பேசு. உங்க இஷ்டம் என்று அவள் சொன்னால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே, நான் எடுத்துக்கொண்டு கெட்டது போதும். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினெட்டு வயதில் தெரிந்திருந்தது, தம்பி.

அப்பா